மூன்று நிறுவை

ஆனியில் ஒரு நாள்
பீலிக்கரை வரை போய் நின்றேன்.
எதற்கு வந்தேன் என்று தண்ணீரைக் கேட்டேன்.
குடம் வீட்டில் இருந்தது.

அதற்கு முந்தின வாரம்
கறிக்கு இரண்டு தரம் உப்பு.
கொழும்பில் சட்டை தைக்கிற மகளைப் போனில்
செத்துப்போன தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.
அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பொகவந்தலாவை ஆஸ்பத்திரியில்
இரங்கனி மிஸ்ஸி கையில் பட்டியைச் சுற்றி
பிரஷர் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.
அவள் தமிழ் கரடுமுரடு, கை அப்படியில்லை.
"சீனி கொற. ராவு நல்லா தூங்கு.
மூள சும்மா வைக்க வேணாம், வேல குடு."

முப்பத்திரண்டு வருசமாய்
இரண்டு கைக்கும் வேலை கொடுத்தவர்கள்
ஒருத்தரும் இதைச் சொன்னதில்லை.

சீனியை நிறுத்தினேன்.
முதல் வாரம் பிளேன்டி என்னைப் பழி வாங்கியது.
இடக்கையால் பல் விளக்கினால் நல்லது என்றார்கள்,
பற்பசை மூக்குக்குப் போனது, அதை விட்டுவிட்டேன்.
ஒன்பது மணிக்கு நாடகத்தை அணைத்தேன்,
வில்லி விஷக் கிண்ணத்தோடு நிற்கையிலேயே.
பக்கத்துக் காம்பராவில்
அவள் தொடர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

தூக்கம் எதற்கென்று
ஸ்டோருக்குப் பக்கத்தில் பிறந்தவளுக்கு விளக்க வேண்டாம்.
பறித்த இலை நேரே தேயிலை ஆகாது.
மாடியில் பரத்தி ராப்பூரா காற்று விட்டு வாட்டணும்,
விடியும்போதுதான் அரைக்கிற பதம்.
பகலில் நான் பறித்த ஏதோ ஒன்றும்
என் தலைக்குள் அப்படிக் கிடந்து வாடியது.

வேலை?
ஐந்தாம் வகுப்போடு நின்ற மூளைக்கு
என்ன வேலை கொடுப்பது?
நிறுவையைக் கொடுத்தேன்.

காலை ஏழரைக் கிலோ,
அதை மதகின் மேல் வைத்தேன்.
பகல் ஒன்பது, முனியாண்டிக் கல்லுக்குப் பின்னால்.
அந்தி ஐந்தே முக்கால்,
லயத்து மூன்றாம் படியில், அந்த உடைந்த படியில்.
வேலை விட்டு இறங்கும்போது
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி மடியில் கட்டி
அடுப்பு மூட்டுமுன் கூட்டினேன்:
இருபத்திரண்டேகால்.

சும்மா வரவில்லை அது.
ஆடி முழுக்க
நேற்றைய ஒன்பதும் இன்றைய ஒன்பதும் முட்டிக்கொண்டன.
சில எண்ணை நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும்,
வைத்த இடத்தில் இல்லை.
ஆவணிக் கடைசியில் ஒரு சாயந்தரம்
கூட்டாமலே தெரிந்தது, பதில்
எனக்கு முன்னாலேயே வாசலில் உட்கார்ந்திருந்தது.

ஐப்பசிச் சம்பளச் சீட்டில்
நானூற்றுப் பன்னிரண்டு.
என் தலையில்
நானூற்று முப்பத்தொன்று.
தண்ணிக்கு, சாக்குக்கு, முற்றல் இலைக்கு என்று
அவர்கள் வெட்டினதையெல்லாம் நானும் வெட்டின பிறகு.

"பத்தொம்பது கிலோ எங்கங்க ஐயா?"
கணக்குப்பிள்ளை பேனாவை மூடினார், திறந்தார்.
"எப்பருந்து தங்கேஸ்வரி நீ கணக்குப் படிச்ச?"
"ஆடியில இருந்து."
தேதி தேதியாய்ச் சொன்னேன்.
மதகு, கல், படி.
மதகு, கல், படி.
பெரட்டுக்களத்தில் ஒரு கூடைகூட அசையவில்லை.

பதினொன்றைத் திருப்பித் தந்தார்கள்.
எட்டைப் பற்றி விசாரிக்கிறார்களாம்.

"எனக்கும் சேத்து வெச்சுக் குடேன்" என்றாள் மரியசெல்வம்.
மாட்டேன் என்றேன்.
ஒன் எண்ண நீயே வை,
மலையில எடத்துக்கா பஞ்சம்?
அவள் தன் காலை நிறுவையை
தவறணைக் கதவில் மாட்டியிருக்கிறாளாம்,
புருசன் மறக்கவிடமாட்டான் என்று.

நேற்றும் குடையை மறந்தேன், நிறுவைக் கொட்டிலில்.
எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை.
கொட்டுகிற மழையில் திரும்ப ஏறினேன்.
மதகின் மேல் அந்த எட்டு
அப்படியே இருந்தது,
நனையாமல்.